ஒன்பதாவது குறிப்பு

விஜயராணி திராட்சைப் பேராசிரியை ஆனதைப் பற்றிச் சொந்தக்காரர்களிடையே ஒரு கேலிச் சிரிப்பு எப்போதும் உண்டு. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில், ஒரு துளசித் தொட்டி வைக்கவும் இடமில்லாமல் வளர்ந்தவள், ஏக்கர் கணக்கில் தோட்டம் வைத்திருக்கிற மராத்தி விவசாயிகளுக்குப் பாடம் சொல்லப் போய்விட்டாள். மாட்டுங்காக் கல்லூரியில் கேட்ட வேதியியல் கிடைக்காமல் தாவரவியலில் சேர்ந்ததுதான் தொடக்கம். பிறகு வேளாண் பல்கலைக்கழகம். மழையில் திராட்சை மணி ஏன் வெடிக்கிறது என்பதில் முனைவர் பட்டம். அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் நாசிக்குக்கு அப்பால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை.

திங்கட்கிழமை விடியலில் ரயில் ஏறுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செம்பூர் வீட்டுக்குத் திரும்புவாள். மகள்கள் இருவரும் அப்பா காசிராஜன் சமையலில்தான் வளர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் கைப்பேசி ஓயாது. இலையில் புள்ளி விழுந்திருக்கிறது, கொத்து உதிர்கிறது என்று யாராவது படம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஸ்ட்ராபெரி போட்டிருக்கிற மலைக்காரர்கள்கூடக் கூப்பிடுவார்கள். தோசையைப் பாதியில் வைத்துவிட்டுப் பதில் சொல்லுவாள்.

அந்தப் பக்கத்துத் திராட்சைக்கு ஒரு சங்கடம் உண்டு. குளிர் போதாததால், அக்டோபரில் கவாத்து செய்த கொடி ஒரே சீராகத் துளிர்க்காது. அதனால் வெட்டிய ஓரிரு நாளில் ஒரு மருந்தைத் துணியில் நனைத்து ஒவ்வொரு மொட்டாகத் தடவுவார்கள். பேஸ்டிங் என்று பெயர். மொட்டுகள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும். ஆனால் அந்த மருந்து தோல் வழியாக உடம்பில் ஏறிய பிறகு மது குடித்தால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். இதயம் பலவீனமாக இருந்தால் உயிரே போகலாம்.

இதைப் பற்றிய துண்டுப் பிரசுரத்தை எழுதியவளே விஜயராணிதான். மராத்தியில் பதினொரு குறிப்புகள். கையுறை, முகமூடி, சோப்புப் போட்டுக் கழுவுவது என்று வரிசையாகப் போகும். ஒன்பதாவது மது பற்றியது. பல்கலைக்கழகம் அதை நாற்பதாயிரம் பிரதி அச்சடித்து, அந்த வருடத்தின் சிறந்த விரிவாக்கப் பணி என்று அவளுக்குப் பொன்னாடையும் போர்த்தியது.

அவளுடைய தம்பி பேச்சிராஜா தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவன். பட்டறையை மூடியபோது அவன் குடியில் விழுந்தான். மனைவி முப்பிடாதியம்மாள் தையல் வேலைக்குப் போய்க் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவனே கோயிலில் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தினான். ஒன்றரை வருடம் தொடவில்லை. அப்போதுதான் விஜயராணி தனக்குத் தெரிந்த பாவ்ராவ் என்ற தோட்டக்காரரிடம் சொல்லி, கூலியாட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை வாங்கிக் கொடுத்தாள். தம்பியைப் பற்றி அவரிடம் உத்தரவாதம் சொன்னாள். அவனுக்கும் அந்த இடம் பிடித்துப்போயிற்று. மாதம் இரண்டு முறை தாராவிக்கு வருவான். வெயில் பட்டுக் கறுத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூர் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். காசிராஜனும் மகள்களும் கூட உட்கார்ந்திருந்தார்கள். மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"யக்கா, அடுத்த வாரம் பேஸ்டிங் ஆரம்பிக்குதாக. ஏதும் ஜாக்கிரதையா இருக்கணுமா?"

அவள் சொல்லத் தொடங்கினாள். கையுறையைக் கழற்றக் கூடாது, முழுக்கைச் சட்டை போடணும், கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவணும். நூற்றுக்கணக்கான கூட்டங்களில் சொன்ன வரிசை. ஒன்பதாவதுக்கு வந்ததும் நாக்கு நின்றது. கணவர் முன்னால், பிள்ளைகள் முன்னால், குடியை விட்டவனிடம் குடிக்காதே என்று எப்படிச் சொல்வது? இன்னும் என்னை நம்பவில்லையா அக்கா என்று அவன் முகம் விழுந்துவிடுமே என்று பட்டது. கிளம்பும்போது பிரசுரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். எல்லாம் இதுல இருக்கு, படிச்சுக்கோ என்றாள். அவன் மராத்தி பேசுவானே தவிர வாசிக்க வராது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கொடுத்துவிட்டோம் என்று மனசு லேசானது.

அதற்கு இரண்டாவது வாரம், ஏற்றுமதியாளர்கள் கூட்டத்தில் பேசுவதற்காக அவள் தாதரில் இருந்தாள். பகல் ஒன்றரை மணிக்குப் பாவ்ராவ் கூப்பிட்டார். ஆள் குறைவு என்று இரண்டு நாளாகப் பேச்சிராஜா தானே துணியை எடுத்து மொட்டுகளுக்குத் தடவியிருக்கிறான். புழுக்கம் தாங்காமல் கையுறையைக் கழற்றியிருக்கிறான். இன்று காலையோடு வேலை முடிந்துவிட்டது. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் திடீரென்று முகமெல்லாம் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார். கூட இருந்தவர்களோடு கொஞ்சம் சாராயம் குடித்தானாம் என்று தயங்கிச் சொன்னார்.

மேடைக்குப் பின்னால் நின்றபடியே கைப்பேசியில் ஆஸ்பத்திரி டாக்டரைப் பிடித்து மருந்தின் பெயரைச் சொன்னாள். மாற்று மருந்து கிடையாது என்பதையும் அவளே சொல்ல வேண்டியிருந்தது. பிறகு டாக்ஸி பிடித்துத் தாராவிக்குப் போய் முப்பிடாதியை ஏற்றிக்கொண்டு நாசிக்குக்குப் புறப்பட்டாள்.

வழியெல்லாம் முப்பிடாதி கைப்பேசியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவை கேட்டாள். "என்ன மதினி ஆயிருக்கும்? பூச்சி பொட்டு எதுவும் கடிச்சிருக்குமோ?"

"தெரியலம்மா" என்றாள் விஜயராணி.

மலைப்பாதை ஏறி முடிவதற்குள் பாவ்ராவ் மறுபடி கூப்பிட்டார். தம்பி போய்விட்டான் என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, அந்தத் தாராவி அறையில் இரண்டு பெண்களும் தனியாக இருந்தார்கள். முப்பிடாதி பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். விஜயராணி சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். அந்த மருந்தின் குணம் தனக்குத் தெரியும் என்று, பிரசுரம் தானே எழுதினது என்று, அன்று சாப்பாட்டு நேரத்தில் வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டதை.

முப்பிடாதி துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்தபடியே பேசினாள்.

"ரெண்டு மாசமா மறுபடி குடிச்சிட்டுத்தான் இருந்தாக. வரும்போதெல்லாம் வாடை அடிக்கும். உங்க காதுக்கு வந்தா வேலைய விட்டு நிப்பாட்டிருவீகளோன்னு நானும் மூடி மறைச்சேன்." கடைசிப் பாத்திரத்தையும் கவிழ்த்தாள். "ஆனா இப்படி ஒரு மருந்து இருக்குன்னு எனக்குத் தெரியாது மதினி. உங்களுக்குத் தெரியும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்ஸில வச்சுக் கேட்டேன்லா. அப்பவும் தெரியலன்னுட்டீக." குரலை உயர்த்தாமலே சொன்னாள். "கொஞ்ச நாளைக்கு இங்க வராதீக. உங்களப் பார்த்தா எனக்கு மூச்சு நின்னுபோவுது."

விஜயராணி படியிறங்கிப் போனாள். செம்பூருக்குப் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தும் ஏறாமல் நிறுத்தத்திலேயே நின்றாள். கடைசியில் காசிராஜன் தேடி வந்து கூட்டிப்போனார்.

அதன் பிறகு மேடைகளை அவள் ஒவ்வொன்றாகக் கைவிட்டாள். அடுத்த அக்டோபரில், மலைக் கிராமங்களிலிருந்து கூலிக்கு வருகிறவர்கள் விடிகாலையில் கூடுகிற முச்சந்திக்குப் போனாள். இருபத்தாறு வருடத்தில் அவள் பேசியதெல்லாம் தோட்டம் வைத்திருந்தவர்களிடம்தான். மருந்தில் கை நனைத்தவர்கள் இவர்கள். பிரசுரம் எதையும் எடுத்துப்போகவில்லை. குடிக்காதீர்கள் என்று அவள் மராத்தியில் தொடங்கியதும் ஆண்கள் சிரித்தார்கள். அப்போது தம்பியைப் பற்றிச் சொன்னாள். அவன் பெயரையும் சொன்னாள். சிரிப்பு அடங்கியது. குழந்தையை முதுகில் கட்டியிருந்த ஒரு பெண் மட்டும், இதைத் தம்பியிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். இல்லை என்றாள் விஜயராணி. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் இவர்கள் நம்பமாட்டார்கள் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு முச்சந்தியிலும் அதைத் திரும்பச் சொன்னாள். எத்தனை தடவை சொல்லியும் பழகவேயில்லை.

வருட அறிக்கையில் பயிற்சி பெற்ற விவசாயிகள் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் உண்டு. சொந்த நிலம் இல்லாத கூலிக்காரர்களை அதில் சேர்க்க முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டாள். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டாவது வருடத் திவசத்துக்கு நான்கு நாள் முன்னால் முப்பிடாதி கூப்பிட்டாள். அவுக தெவசம் வருது, நீங்களும் இருக்கணும் என்றாள். வேறு பேச்சில்லை.

விஜயராணி போனாள். அறையில் கூட்டம் அதிகமில்லை. முப்பிடாதி மெலிந்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. படையல் முடிந்து இலை போட்டபோது, மதினியைச் சுவரோரமாக உட்காரவைத்துத் தானே பரிமாறினாள். சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அங்க இன்னும் அந்த மருந்தத்தான் தடவுதாகளா?"

"ஆமா. அது இல்லாம இன்னும் முடியல."

"அந்த ஆளுகட்ட சொல்லுதீகளா?"

"சொல்லுதேன்."

"அவுகளப் பத்தியுமா?"

விஜயராணி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். முப்பிடாதியின் கண் கலங்கியது. கோபமா வேறெதுவுமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் திரும்பி அடுத்த இலைக்குப் போய்விட்டாள். விஜயராணிக்குப் பசியில்லை. ஆனாலும் அந்த வீட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட மனசில்லாமல், மெல்ல மெல்ல, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள்.