நேர்ச்சைக் கட்டை

ஜெஸ்டினின் பிக்கப் எங்கே நின்றாலும் அடியில் சொட்டும். பதுளையில் லத்தீப் முதலாளியின் கடையிலிருந்து கருவாட்டு மூட்டையும் உப்பு மூட்டையும் ஏற்றி, பசறைச் சந்தைக்கும் லுணுகலைச் சந்தைக்கும் கொண்டுபோகிற வண்டி அது. மழை மூட்டையில் இறங்கும், உப்பு மழைத் தண்ணீரில் இறங்கும், அந்தத் தண்ணீர் தகட்டு ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்கும். வண்டி தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலுக்கு வந்ததும் கடைசி வீட்டுப் பூனை ஓடிவந்து அடியில் உட்கார்ந்துகொண்டு, சொட்டுவதையெல்லாம் நக்கும். வருஷக் கணக்கில் இதுதான் நடைமுறை.

அந்தோனியார் திருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பூனை நக்குவதை நிறுத்தியது. வந்து முகர்ந்து பார்த்தது, முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனது. அதைக் கவனித்தவள் ஜெஸ்டினின் மனைவி றீட்டா. கொழுந்து பறித்துவிட்டு வந்தவள் குனிந்து, சொட்டியதை விரலால் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

“ஏங்க, இது கருவாட்டுத் தண்ணி இல்லீங்க. எண்ண மாதிரி இருக்கு. பொன்னையா அண்ணன்கிட்ட வண்டியக் காட்டுங்க.”

“பூனைக்குக் கருவாடு அலுத்துப்போச்சு,” என்றான் ஜெஸ்டின்.

கருவாடு அலுத்துப்போன பூனையை இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான் பார்த்திருக்கிறான். பிரேக்கை இப்போதெல்லாம் இரண்டு தரம் மிதித்தால்தான் பிடிக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். அதற்கும் பதில் வைத்திருந்தான். “வயசான வண்டி. ரெண்டு தரம் சொன்னாத்தான் கேக்கும்.”

“நீங்க பத்து தரம் சொன்னாலும் கேக்குறதில்ல,” என்றாள் றீட்டா.

அவர்களுடைய மகள் ரொஷானி தினமும் அந்த வண்டியில்தான் பசறைக்குப் படிக்கப் போகிறாள். றீட்டாவின் பயமெல்லாம் அதுதான். அவள் ஓயாமல் நச்சரித்ததில், ஒருவழியாக ஜெஸ்டின் பசறை கராஜில் வண்டியை விட்டான். பொன்னையா மல்லாக்கப் படுத்து அடியில் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“பிரேக் பைப்பெல்லாம் உப்புத் தண்ணி தின்னுருச்சு தம்பி. ஒரு எடத்துல ஒட்டினா அடுத்த எடத்துல பிச்சுக்கும். மொத்தமா மாத்தணும். சாமான் வரணும், வண்டிய விட்டுட்டுப் போங்க.”

“திருநாள் முடியட்டும்ணே.”

திருநாள்தான் ஜெஸ்டினின் சிக்கல். அந்தத் தோட்டத்தில் அந்தோனியார் சொரூபம் பவனி வருவது அவனுடைய பிக்கப்பில்தான். மேல் டிவிஷன் கோயிலிலிருந்து தேயிலை பெக்டரி வரைக்கும் ஒரே இறக்கம். அந்த இறக்கத்தில் அவன் எஞ்சினை நிறுத்திவிடுவான். எஞ்சின் சத்தம் பாட்டுக்கு இடைஞ்சல். கியரும் கிடையாது. பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து, சொரூபத்தின் மாலை ஆடாமல், ஜனங்கள் நடக்கிற வேகத்துக்கு உருட்டிக்கொண்டு வருவான். பெட்ரோல் கிடைக்காமல் கியூவில் நின்ற காலத்தில் பதுளை இறக்கமெல்லாம் எஞ்சினை நிறுத்தி உருட்டிப் பழகிய கால் அது. ‘ஜெஸ்டின் வண்டி ஓட்டினா அந்தோனியார் நடந்து வர்ற மாதிரியே இருக்கும்’ என்று கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் அவன் வருஷம் முழுவதும் கருவாடு சுமந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த வருஷம் அதே தோட்டத்துக் கெவின் புது டபுள்கேப் வண்டி வாங்கியிருந்தான். திருநாள் கமிட்டியிலும் இருந்தான். ஜெஸ்டினின் வண்டி கராஜில் கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், சொரூபம் டபுள்கேப்பில் ஏறிவிடும். ஒரு தரம் ஏறிய அந்தோனியார் ஏசி வண்டியை விட்டு இறங்குவாரா என்பது ஜெஸ்டினின் கவலை.

அதனால் அவன் பைப்பை மாற்றவில்லை. பெயின்ட் அடித்தான். பம்பருக்கு வெள்ளை, ரிம்முக்குச் சிவப்பு. அடியில் படுத்துக்கொண்டு துருப்பிடித்த பிரேக் பைப்புக்கும் பளபளவென்று வெள்ளிப் பூச்சு அடித்தான். அதை அந்தோனியார் பார்க்கப்போவதில்லை, பூனைதான் பார்க்கும்.

திருநாளன்று மத்தியானம் றீட்டா கடைசியாக ஒருமுறை பேசிப் பார்த்தாள். சொரூபத்தைச் சுற்றிச் சம்மனசுகளாக, தேவதூதர் வேஷத்தில் சிறுபிள்ளைகள் உட்காருவார்கள். அதில் ரொஷானியும் ஒருத்தி. காகித இறக்கை கட்டிக்கொண்டு காலையிலிருந்து கண்ணாடி முன்னாலேயே நிற்கிறாள்.

“பிரேக் விட்டுருச்சுன்னா என்ன செய்வீங்க? ஹேண்ட் பிரேக்காவது பிடிக்குமா?”

“ஹேண்ட் பிரேக் எதுக்கு? அதான் கட்ட இருக்கே.”

அதுவும் உண்மைதான். அந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் என்பது டர்பன்டைன் மரத்தில் ஆப்பு மாதிரி அறுத்த ஒரு கட்டை. சரிவில் நிறுத்தினால் வண்டி உருளாதபடி சில்லின் டயருக்கு அதை முட்டுக் கொடுப்பான். றீட்டா ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் புருஷனின் மானம் அன்றோடு போய்விடும். அதற்கு அவளுக்கு வாய் வரவில்லை, இறக்கை கட்டிய பிள்ளையைத் தடுக்கவும் மனம் வரவில்லை. தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. கட்டையைத் தூக்கி ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பவனி புறப்பட்டபோது வண்டியின் பின் சில்லுக்குப் பக்கத்தில் றீட்டா நடந்தாள். ஒரு கையில் மெழுகுவர்த்தி, இடுப்பில் கட்டை.

“என்னா றீட்டா இது?” என்று பக்கத்தில் வந்த ஒருத்தி கேட்டாள்.

“நேர்ச்ச,” என்றாள் றீட்டா.

அவ்வளவுதான், அந்தச் செய்தி பவனியின் வால்வரைக்கும் போய்விட்டது. மகளுக்காக மரக்கட்டை சுமக்கிறாளாம். என்ன பக்தி பாருங்க. பெண்கள் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். றீட்டாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. கண் மட்டும் சில்லை விட்டு நகரவில்லை.

பெக்டரிக்கு மேலே இருக்கிற வளைவில் இறக்கம் செங்குத்தாகும். அங்கே ஜெஸ்டின் பிரேக்கை மிதித்தான், பெடல் பலகையோடு போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தரம் சொன்னான். பத்தாம் தரமும் சொன்னான். வண்டி கேட்கவில்லை. கியரைப் போடலாம் என்று கையை நீட்டினால், அதன்மேல் கமிட்டிக்காரர்கள் ஏற்றிவிட்ட மெழுகுவர்த்திப் பெட்டி சாய்ந்து கிடந்தது. வண்டிக்கு முன்னால் பேண்ட் வாத்தியம். அதற்கு முன்னால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகிற தாய்மார்கள்.

றீட்டா பார்த்துக்கொண்டிருந்த சில்லு அவளை முந்தியது. மெழுகுவர்த்தியை எறிந்துவிட்டு ஓடினாள். கட்டையைத் துணியோடு சில்லுக்கு முன்னால் தள்ளினாள். சில்லு கட்டையை நெட்டித் தள்ளிக்கொண்டு கொஞ்சத் தூரம் போனது, பிறகு அதன்மேல் ஏறப்பார்த்தது, முடியாமல் முனகி நின்றது. சொரூபம் முன்னால் சாய்ந்து, கட்டியிருந்த கயிற்றில் தொங்கியது. சம்மனசுகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்தார்கள். ரொஷானியின் இறக்கை ஒன்று பிய்ந்தது. அவளுக்கு வேறொன்றும் இல்லை. றீட்டா மகளைக் கீழே இறக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அந்தோனியார் நிறுத்திட்டாரு,” என்று யாரோ சொன்னார்கள்.

இப்படித்தான் அது அந்தோனியார் செய்த புதுமை, அற்புதம் என்று ஆனது. ஃபாதர் அங்கேயே நன்றி மன்றாட்டுச் சொன்னார். மீதித் தூரத்துக்கு டபுள்கேப்பைத் தருகிறேன் என்று வந்த கெவினை ஜனங்கள் முறைத்தார்கள். அந்தோனியாரே நிறுத்திய வண்டியை விட்டு அவரை இறக்குவதாவது. ஆண்கள் வடம் கட்டிப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பிலேயே சொரூபத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கட்டையைக் கழுவிப் பூமாலை போட்டுக் கோயில் பீடத்தில் வைத்தார்கள். அடுத்த வருஷம் தாங்களும் கட்டை சுமப்பதாகச் சில பெண்கள் நேர்ந்துகொண்டார்கள்.

ஜெஸ்டினைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னான். அவன் சொன்ன கதையில் றீட்டா ஓடவே இல்லை. வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

“பைப்ப எப்ப மாத்துறீங்க?” என்று றீட்டா கேட்டாள்.

“பிச்சுக்கிட்ட எடத்துல மட்டும் ஒட்டிட்டா போதும். நாளைக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போகணும்ல. இனிமே இந்த வண்டிக்கு ஒண்ணும் வராது.”

கட்டைகூட இனி வண்டியில் இல்லை, அது பீடத்தில் இருக்கிறது. றீட்டா அன்று படுத்தவள் தூங்கவில்லை. விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற நேரத்தில் ஜெஸ்டினை எழுப்பினாள்.

“ஏங்க, கனவுல அந்தோனியார் வந்தாரு. பிரேக் பைப்ப மொத்தமா மாத்தச் சொன்னாரு. மாத்துற வரைக்கும் யாரையும் ஏத்தக் கூடாதுன்னாரு.”

ஜெஸ்டின் பாயிலிருந்து எழுந்து சிலுவை போட்டுக்கொண்டான். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. ஆள் பிடித்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பசறைக்குப் போய்விட்டான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. பிள்ளைக்கு இனிப் பயமில்லை என்று றீட்டாவுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் கொழுந்து மலையில் நின்றபோது ஒன்று உறுத்தியது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் அவள் பேச்சை அவன் இப்படி ஒரு தரம் கேட்டதில்லை.

வண்டி திரும்பி வந்த சாயங்காலம் வாசலில் சொட்டு எதுவும் விழவில்லை. ஜெஸ்டின் பழைய பைப்பைக் கொண்டுவந்திருந்தான். வெள்ளிப் பூச்சு அப்படியே இருந்தது. அவன் இரண்டு விரலால் அழுத்தினான், அப்பளமாக நொறுங்கியது.

“நம்ம பிள்ள இதுலதானே தெனம் போனா,” என்றான். துருத் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டான். “அவரு இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே றீட்டா.”

“ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாராம்,” என்றாள் றீட்டா. “என் கொரல்ல சொன்னதால ஒங்களுக்குக் கேக்கலயாம்.”