நேபாளம் இல்லண்ணே, மிசோரம்

காலை எட்டே காலுக்குக் குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் போகும் தனியார் பஸ்ஸில், கண்டக்டர் சாமிதுரைக்குப் பெயர் தெரியாத பயணி கிடையாது. பெயர் தெரியாவிட்டால் அவரே ஒன்று வைத்துவிடுவார். கறிவேப்பிலைக் கட்டோடு ஏறுகிறவர் 'தாளிப்பு'. தூங்கித் தூங்கி ஸ்டாப்பைத் தவறவிடுகிற ஆபீஸ்காரர் 'சொப்பனம்'. யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த வரிசையில் ரின்புயிக்குக் கிடைத்த பெயர் 'நேபாளம்'.

ரின்புயி மிசோரம் மாநிலத்துப் பெண். திருச்சியில் பிசியோதெரபி படித்துவிட்டு, இரண்டு வருடமாகப் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். குரும்பலூரில் ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருந்தாள். தமிழை அவள் கற்றுக்கொண்டதே முழங்கால் வலிக்காரர்களிடம்தான். அதனால் 'மடக்குங்க', 'நீட்டுங்க', 'மூச்ச வுடுங்க' மூன்றையும் ஊர்க்காரர்களைவிட நன்றாகச் சொல்வாள்.

"நேபாளம், டிக்கெட்டு வாங்கியாச்சா?"

"நேபாளம் இல்லண்ணே, மிசோரம்," என்பாள் சிரித்துக்கொண்டே.

"சரிம்மா, சரிம்மா." மறுநாள் மறுபடியும் நேபாளம்தான்.

சில நாள் அவளுக்கு அலுப்பாக இருக்கும். பேசாமல் நேபாளமாகவே இருந்துவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றும். ஆனால், பெற்ற தாயின் பெயரை யாராவது மாற்றிச் சொன்னால் சும்மா இருப்போமா என்று நினைத்துக்கொண்டு, அடுத்த நாளும் அதே சிரிப்போடு அதையே சொல்வாள்.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மா மிசோரத்தின் தலைநகர் ஐசாலிலிருந்து வருவதாக இருந்தது. அம்மாவும் மகளும் நேரில் பார்த்து நான்கு வருடமாகியிருந்தது. விடுதியில் வெளியாட்கள் தங்கக் கூடாது. அதனால் குரும்பலூரிலேயே கண்ணகி என்பவரின் மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டாள். கண்ணகியும் சம்மதித்து, திங்கட்கிழமை சாவி தருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. வெளிநாட்டுக்காரங்களுக்கு வூடு வுட்டா ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கணுமாம். எங்க வூட்டுக்காரரு பயப்படறாரு."

"நான் வெளிநாடு இல்லக்கா. மிசோரம் இந்தியாவுலதான் இருக்கு."

"கண்டக்டரு சாமிதுரையே சொன்னாரும்மா, நீ நேபாளம்னு. தெனம் பாக்குறவரு மாத்திச் சொல்லுவாரா?"

அம்மா டிக்கெட் எடுத்து ஒரு வாரமாகியிருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் சாமிதுரை வழக்கம்போல வந்து நின்றபோது ரின்புயி சிரிக்கவில்லை. "அண்ணே, ஒங்க பேச்சால எனக்கு வூடு போச்சு," என்று நடந்ததைச் சொன்னாள்.

அவர் பதறிப்போனார். "நான் பாசத்துலதானம்மா அப்புடிக் கூப்புடறேன்."

"தெரியும்ண்ணே. நேபாளம்னா ஒண்ணும் கெட்ட வார்த்த இல்ல. நேபாளத்துக்காரங்க வந்தாலும் அவங்களுக்கும் வூடு வேணும்தானே. ஆனா நான் அவங்க இல்லயே. நீங்க பெரம்பலூர்க்காரரு, நீங்க சொன்னா அக்கா நம்புவாங்க. சொல்லிடுங்கண்ணே."

"பெரம்பலூரா? எனக்கா? நான் அரியலூரும்மா. ரெட்டிபாளையம்."

"ரெண்டும் ஒண்ணு இல்லயா?" ரின்புயி உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"அதெப்புடிம்மா ஒண்ணாவும்?" சாமிதுரை விசில் கொடுக்க மறந்துவிட்டார். பஸ் ஸ்டாப்பிலேயே நின்றது. "தனி ஜில்லாவா பிரிச்சி, திரும்பப் பெரம்பலூரோடவே சேத்து, மறுபடி பிரிச்சி வாங்குனது எங்க ஜில்லா. எங்களுக்குன்னு தனி கலெக்டரு இருக்காரு. எங்க பக்கம் சுண்ணாம்புக்கல்லு, சிமெண்டு. இங்க சின்ன வெங்காயம், மக்காச்சோளம். பத்து வருசமா இந்த ரூட்ல ஓடறேன், எவனப் பாத்தாலும் பெரம்பலூர்க்காரரேங்கறான். இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்குது."

"எனக்கும் ரெண்டு வருசமா வலிக்குதுண்ணே," என்றாள் அவள் மெதுவாக.

முதலில் சிரித்தவர் கறிவேப்பிலைக்காரர். பிறகு பஸ்ஸே சிரித்தது. சாமிதுரையும் சிரிக்கத்தான் தொடங்கினார்.

"மன்னிச்சிக்குங்கண்ணே. எனக்குத் தெரியல. நீங்க அரியலூரு. இனிமே மாத்திச் சொல்ல மாட்டேன்," என்றாள் ரின்புயி.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரே ஒரு தடவை சொன்னதற்கே அவள் திருத்திக்கொண்டாள். அவருக்கோ இரண்டு வருடம் போதவில்லை. அதுதான் குத்தியது.

மதியம் குரும்பலூரில் பஸ் இருபது நிமிடம் நிற்கும். சாமிதுரை டீ குடிக்கப் போகாமல் நேரே கண்ணகி வீட்டுக்குப் போனார்.

"அக்கா, அந்தப் பொண்ணு நேபாளம் இல்ல. மிசோரம். அசாமுக்குக் கீழ இருக்கு, நம்ம நாடுதான்."

"அப்பறம் ஏன் நேபாளம்னு சொன்னீங்க?"

ஏதாவது சமாளித்திருக்கலாம். சாமிதுரை சமாளிக்கவில்லை. "மூஞ்சியப் பாத்து நானா முடிவு பண்ணிட்டேன். அது தெனமும் இல்ல இல்லன்னு சொல்லிச்சு. என் காதுலதான் வுழல."

"எங்கிட்டயும் சொல்லிச்சுங்க. அது வாயால சொன்னத வுட்டுட்டு, நீங்க சொன்னதப் போயி நம்புனேன் பாருங்க," என்றபடி கண்ணகி போனை எடுத்தார்.

சாயங்காலம் ரின்புயியின் கையில் சாவி இருந்தது.

டிசம்பர் இருபதாம் தேதி பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ரின்புயியும் அவள் அம்மாவும் மூன்று பெரிய பைகளோடு பஸ் ஏறினார்கள். பைகளை உள்ளே இழுத்து வைத்தவர் சாமிதுரை. தன் பெயரை யாரும் கேட்காமலேயே அம்மாவிடம், "சாமிதுரை, அரியலூரு," என்று அறிமுகம் செய்துகொண்டார். ஒரு வார்த்தையும் புரியாத அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார்.

முன் சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, சாமிதுரையின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏங்க, இவங்க சீனாக்காரங்களா?"

சாமிதுரைக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்லவில்லை.

"அத ஏங்க எங்கிட்ட கேக்குறீங்க? அவங்க பக்கத்துலதான ஒக்காந்திருக்காங்க. ஒருத்தரு யாரு, எந்த ஊருன்னு மூஞ்சியப் பாத்து நாமளா முடிவு பண்ணக் கூடாதுங்க. அவங்ககிட்டயே கேக்கணும். கேட்டா, அவங்க சொல்றத மொத தடவையே நம்பணும். இதத் தெரிஞ்சிக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு, ஒங்களுக்கு ரெண்டு நிமிசம் போதும். கேளுங்க."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ரின்புயியின் பக்கம் திரும்பினார்.

"எந்த ஊரும்மா நீங்க?"