பச்சையை அமுக்கினால் போதும்

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த செல்போன் கடைக்குள் சங்கையா செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தார். உள்ளே ஏசி ஓடியது. தரை பளபளவென்று இருந்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் கடையின் பெயர் போட்ட சட்டையோடு நின்றவன் அவருடைய மகன் ஜெகதீஸ்வரன். மகன் வேலை பார்க்கிற இடத்தில் தன் கால் கரி படிந்துவிடக் கூடாது என்று மனிதருக்கு அத்தனை கவனம்.

சங்கையாவுக்கு நரிக்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற வேலை. வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, உள்ளே தீயை வைத்துவிட்டு நாள்கணக்கில் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். எங்காவது மண் பிளந்து காற்றுப் புகுந்தால் மொத்த விறகும் சாம்பலாகிவிடும். அப்படிப் பிளந்த ஓர் இடத்தை அடைக்கக் குனிந்தபோதுதான் சட்டைப் பையிலிருந்த பட்டன் போன் நழுவி உள்ளே விழுந்தது. எட்டு வருசம் மழையையும் வெயிலையும் தாங்கி, ஆட்டுக் காலில் மிதிபட்டும் பிழைத்துக் கிடந்த போன் அது. தீயை மட்டும் அதனால் தாங்க முடியவில்லை, பாவம்.

"ஏய்யா, அதே மாதிரி ஒண்ணு குடு. பட்டன் வச்சது. கீழ விழுந்தா ஒடையக் கூடாது. சார்ஜு நாலு நாளாச்சும் நிக்கணும். ஒங்கம்மா கூப்பிட்டா காட்டுக்குள்ள சத்தமாக் கேக்கணும். பச்சைய அமுக்குனா பேசணும். அம்புட்டுத்தான், வேற ஒரு எழவும் வேண்டாம்."

தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஆள் அந்தக் கடைக்கு மாதத்துக்கு ஒருத்தர் வந்தாலே அதிகம். படித்தவர்களே உள்ளே வந்து நின்று திருதிருவென்று விழிக்கிறார்கள். ஆனால் கரிச்சட்டை போட்டவர் சொன்னால் அது தெளிவு என்று யாருக்குப் படுகிறது?

அவர் கேட்ட போன் அங்கே இருந்தது. ஓர் அட்டைப்பெட்டி நிறைய, மேசைக்கு அடியில், ஜெகதீஸ்வரனின் காலருகிலேயே இருந்தது. பட்டன் போனில் லாபம் ஒன்றும் நிற்காது என்று முதலாளி சௌந்தர் அதைக் கீழே தள்ளியிருந்தார். யாராவது கேட்டால் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டு டச் போனைக் காட்ட வேண்டும், அதுதான் அங்கே நடைமுறை.

"யாருப்பா இவுக?" என்று சௌந்தர் கேட்டார்.

"எங்கய்யாதாண்ணே." குரல் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனுக்கு உறை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அடடே, வாங்கய்யா! ஏப்பா, அவுகளுக்கு நல்ல போனா எடுத்துக் குடுப்பா. செல்போன் கடையில வேல பாக்கறவனோட அப்பா பட்டன் போனோட திரிஞ்சா நமக்குல்ல அசிங்கம்!"

ஜெகதீஸ்வரன் அட்டைப்பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான். "ஸ்டாக் இல்லய்யா. இப்பல்லாம் பட்டன் போன் யாரும் செய்யறதே இல்ல."

பெற்ற தகப்பனிடம் சொன்னான். இதை எழுதும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அவன் பாசம் இல்லாதவன் அல்ல. தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லித்தான் அந்தப் பெரிய டச் போனை எடுத்துக் கொடுத்தான். எரிந்துபோன பழைய எண்ணுக்கே புது சிம் வாங்கிப் போட்டான். அம்மாவின் சிரித்த படத்தை அதில் ஏற்றி, அவள் கூப்பிட்டால் அந்த முகமே தெரியும்படி செய்தான்.

"பச்சை வரும்யா. அத அமுக்கக் கூடாது. விரல வச்சு அப்படியே மேல தள்ளணும்."

சங்கையா தள்ளினார். முள் குத்தியும் சூடு பட்டும் காய்த்துப்போன விரல். ரேசன் கடை மிசினே அந்தக் கைரேகையை எடுக்காமல் அவரைத் திருப்பி அனுப்பும். மூன்று தடவை தள்ளியும் பச்சை நகரவில்லை. நான்காவது தடவை மகன் தன் விரலால் தள்ளிக் காட்டினான்.

"போகப் போகப் பழகிரும்யா."

அப்பாவின் கையில் போனைக் கொடுத்துப் படம் எடுத்து, 'அய்யாவுக்கு என் பரிசு' என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டான். கையெடுத்துக் கும்பிடுகிற படமாக ஐம்பது பேர் அனுப்பியிருந்தார்கள்.

வீட்டில் தங்கமாரி போனைப் பார்த்து வாயில் கை வைத்தாள். "ஆத்தாடி! கரி அள்ளுற கைக்கு இம்புட்டுப் பெரிய போனா? இனி எங்கூடல்லாம் பேசுவீகளா, மாட்டீகளா?"

"போடி இவளே," என்றார் சங்கையா. சிரித்தாலும் அவருக்கு உள்ளே ஒரு கவலை இருந்தது.

தங்கமாரி பதினோரு ஆடுகள் மேய்த்தாள். அவளிடம் சின்னப் பட்டன் போன் ஒன்று உண்டு. அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. ஒன்றாம் பட்டனை அமுக்கிப் பிடித்தால் புருசன், இரண்டாம் பட்டனை அமுக்கிப் பிடித்தால் மகன். அந்தப் போனில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மழை இல்லாத ஊரில் ஆடு ஒரே இடத்தில் மேயாது. ஒரு நாள் கண்மாய்க்குள், ஒரு நாள் ஓடையில், மறுநாள் தரிசில். மேய்ச்சல் அமைந்ததும் ஒன்றை அமுக்கி, "இன்னைக்கு ஓடைப்பக்கம் இருக்கேன்" என்று சொல்லிவிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவருக்குப் போன் வேண்டியிருந்தது. அதைக் கேட்டுவிட்டால் மூட்டத்துப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

புதுப்போன் வந்த பிறகு அந்த வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை. வெயிலில் திரையே தெரியவில்லை. தெரிந்தாலும் விரலுக்கு மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த மகனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏய்யா, கோவிச்சுக்காத. இத மாத்திக் குடேன். பழசு கெடந்தாலும் பரவால்ல. காட்டுல இது சரிப்படலய்யா."

"நாலு பேரு பாத்துப் பாராட்டுன போன மாத்தச் சொல்றீகளே! பழகிக்கங்கய்யா. சின்னப்பிள்ளைகளே தட்டுதுக."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பிள்ளை ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னால் அவன் மனசு நோகுமே என்று இருந்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலை பதினோரு மணி. மூட்டத்தின் ஓரத்தில் மண் அணைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சங்கையா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். தோள் துண்டைத் தலைக்குமேல் தூக்கி நிழல் செய்துகொண்டு பார்த்தார். திரையில் தங்கமாரி சிரித்தாள். அவளுக்குக் கீழே பச்சை மேலும் கீழும் ஆடியது.

தள்ளினார். நகரவில்லை. எச்சில் தொட்டுத் தள்ளினார். நகரவில்லை. மணி நின்றது. மறுபடி அடித்தது. பதற்றம் வந்ததும், தள்ள வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது. எட்டு வருசப் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. கட்டைவிரலால் பச்சையை அமுக்கினார். இன்னும் பலமாக அமுக்கினார். அவள் சிரித்தபடியே இருந்தாள். மூன்றாவது தடவை அடித்தது. நான்காவது தடவை அடித்தது.

அவள் இப்படி விடாமல் கூப்பிடுகிறவள் அல்ல. இருபது வருசத்தில் எரிகிற மூட்டத்தை விட்டு நகராதவர், போட்டது போட்டபடி ஓடினார். எங்கே ஓடுவது? நேற்றுக் கண்மாய்க்குள் இருந்தாள். அங்கே ஓடினார். கண்மாய் காய்ந்து கிடந்தது. ஆட்டுப் புழுக்கைதான் இருந்தது, ஆடு இல்லை. கையில் போன் அடித்துக்கொண்டே வந்தது. அப்புறம் அடிப்பதும் நின்றுவிட்டது.

ரோட்டுக்கு ஓடி வந்து கையை ஆட்டியதில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. ஓட்டி வந்த சாம்ராஜ் நல்ல பிள்ளை. போனை வாங்கி ஒரே தள்ளில் திறந்து அந்த எண்ணுக்குத் திருப்பி அடித்தான். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

"அடிச்சுக்கிட்டே இருங்க தம்பி, அடிச்சுக்கிட்டே இருங்க," என்று சங்கையா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டோவை ஓடைப் பக்கம் விடச் சொல்லிப் போனபோது ஆடுகள் கத்துவது கேட்டது. ஆட்டுச் சத்தத்துக்கு நடுவில் சின்னப் போனின் மணியும் கேட்டது. முள்ளடர்ந்த ஓர் உடைமரத்தடியில் தங்கமாரி சாய்ந்து கிடந்தாள். சேலை முந்தானையைக் கிழித்துக் கணுக்காலுக்கு மேலே கட்டியிருந்தாள். கால் வீங்கிக் கறுத்திருந்தது. விரியன் கடித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

கண்ணைத் திறந்து புருசனைப் பார்த்தாள். "கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்ல... எங்க போனீக?"

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் உயிர் போய்விட்டது. "கடிச்சவுடன வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னபோது ஜெகதீஸ்வரன் செய்தி கேட்டு அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்தான்.

சங்கையா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதார். "பச்சையத்தான்யா அமுக்குனேன். நல்லா அமுக்குனேன். அது எடுக்கலய்யா. நான் வேணும்னு எடுக்காம இருப்பனா, சொல்லு?"

அம்மாவின் போன் அவன் கையில் இருந்தது. அன்று அவள் கூப்பிட்ட கணக்கு அதில் தெரிந்தது. ஒன்றை ஒன்பது தடவை அமுக்கியிருந்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை இரண்டை. அந்த நேரம் ஒரு வாடிக்கையாளருக்குக் கேமராவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்ததும், அம்மாதானே, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அழைப்பை வெட்டியதும் அவனுக்கு ஞாபகம் வந்தது. பாவிப்பயல், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் பார்த்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் கடைக்குப் போய் மேசைக்கடியிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அய்யாவின் முன்னால் நின்று இரண்டு கையாலும் நீட்டினான்.

சங்கையா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சையை ஒருமுறை அமுக்கினார். டக்கென்று சத்தம் கேட்டது.

"இதத்தானய்யா நான் அன்னைக்கும் கேட்டேன்," என்றார். கோபமே இல்லாத குரலில்தான் சொன்னார். பிறகு போனை அவன் கையிலேயே வைத்தார். "இனி என்னக் காட்டுல யாரு கூப்பிடப் போறா? வேணும்னு வாரவுகளுக்குக் குடு."

அடுத்த வாரம் எம்.ரெட்டியபட்டியிலிருந்து தெரசாள் என்று ஓர் அம்மா கடைக்கு வந்தாள். பருத்தி எடுக்கப் போகிறவள். விரலெல்லாம் கீறல். "தம்பி, பட்டன் போனு இருக்கா? பெரிய போனெல்லாம் எனக்கு ஆகாது," என்றாள்.

சௌந்தர் கண்ணைக் காட்டினார். ஜெகதீஸ்வரன் குனிந்து அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கண்ணாடி மேசையின் மேலே, எல்லார் கண்ணுக்கும் தெரிகிறபடி வைத்தான்.

"என்னப்பா செய்யற?" என்றார் சௌந்தர்.

"அண்ணே, என்னைய வேலைய விட்டுக்கூட நிறுத்திக்கங்க. ஸ்டாக் இல்லன்னு மட்டும் இனிச் சொல்ல மாட்டேன்." அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்தான். "வெயில்ல வேல செய்யறவுக, தனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுதான் வந்து கேக்குறாக. இவுகளுக்கு என்ன தெரியும்னு நாம நெனச்சோம்ல, அந்த நெனப்புலதாண்ணே எங்கம்மா செத்துச்சு. பெத்தவுகளா இருந்தாலும் சரி, கடைக்கு வாரவுகளா இருந்தாலும் சரி, கேட்டதக் குடுக்கணும். நம்ம பெருமைக்கு ஏத்ததக் குடுத்துட்டு அதுக்குப் பரிசுன்னு பேரு வைக்கக் கூடாது."

சௌந்தர் மேசையில் இருந்த டச் போன் விளம்பரத் தட்டியை எடுத்துக் கீழே வைத்தார்.

ஜெகதீஸ்வரன் போனில் சிம்மைப் போட்டுத் தெரசாளின் கையில் கொடுத்தான். "நான் இப்பக் கூப்பிடுறேன்மா. கண்ண மூடிக்கிட்டு எடுங்க, பாப்போம்."

தெரசாள் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். மணி அடித்தது. விரல் தடவிப் பார்த்து, பச்சை இருந்த இடத்தைக் கண்டுபிடித்து அமுக்கியது.

"அலோ, சொல்லுய்யா. சாப்பிட்டியா?" என்றாள் விளையாட்டாக.

அவள் கண்ணைத் திறக்காமலே போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அலோ... அலோ... நான் பேசறது கேக்குதாய்யா?"

எதிரில் நின்ற ஜெகதீஸ்வரன் கண்ணீர் வழிய வழிய, "கேக்குதும்மா," என்றான்.