உப்பு பார்க்க ஒருத்தி

ஆரணியில் பட்டுக்கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் லீலாவும் அவள் ஓரகத்தி ஹேமலதாவும் டிபன் கடை நடத்தினார்கள். மாவரைப்பது, இட்லி ஊற்றுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் ஹேமலதா. சாம்பாருக்கும் வடகறிக்கும் உப்பு, காரம் பார்ப்பது மட்டும் லீலா. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

போன வருடம் லீலாவின் கன்னத்து உட்புறத்தில் வெள்ளைக் கோடுகள் வலைபோலப் படர்ந்தன. நடுவில் புண். காரம் பட்டால் கண்ணில் நீர் வந்தது. பல் டாக்டர் கனிமொழி துளி சதையெடுத்துச் சோதித்துவிட்டு, இது லைக்கன் பிளானஸ், யாருக்கும் தொற்றாது, ஆனால் லேசில் போகாது என்றார். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். புண் ஆறியது, சர்க்கரை ஏறியது, முகமும் உப்பியது. டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியதும் புண் திரும்பி வந்தது.

மறுபடி அந்த மாத்திரை வேண்டாம் என்று லீலா கெஞ்சினாள். அப்படியானால் கற்றாழை ஜெல் பூசிப் பார்க்கலாம் என்று டாக்டர் ஒரு டியூப் எழுதிக் கொடுத்தார்.

"அடியோட போயிடும்னு சொல்லமாட்டேம்மா. சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கறதில்ல. செக்கப்புக்கு மட்டும் வராம இருக்காதீங்க."

காரத்தை வாயில் வைக்கவே கூடாது என்றும் சொன்னார். அதுதான் லீலாவுக்குத் தாங்கவில்லை. ஹேமலதாவிடம் சொல்லாமல் கண்ணளவில் உப்புப் போட்டுச் சமாளித்தாள். ஒருநாள் சாம்பார் உப்புக் கரித்தது. வழக்கமாக வரும் தறிக்காரர்கள் பாதியில் எழுந்து கை கழுவினார்கள்.

மறுநாள் காலை கரண்டியை ஹேமலதாவிடம் நீட்டினாள்.

"நீயே பாத்து சொல்லு, ஹேமா. என்னால முடியல."

ஹேமலதா ஊதி ருசி பார்த்தாள். சற்றுத் தயங்கினாள்.

"உப்பு சரியா கீதுக்கா. புளிதான் தூக்கல். ரொம்ப நாளாவே அப்படித்தான். நீ கோச்சிக்குவியோன்னு பயந்துகினு சொல்லல."

லீலாவுக்குச் சுருக்கென்றது. அடுப்பைத் தணித்தாள்.

"இப்ப இன்னா பண்ணலாம்?" என்று கேட்டாள்.

ஹேமலதா வெந்த பருப்பு இரண்டு கரண்டி சேர்த்தாள்.

சில மாதங்கள் ஜெல் பூசியதில் புண் சுருங்கியது. கோடுகள் அப்படியேதான் இருந்தன. சில நாட்கள் எரியவும் செய்தது. ஆனாலும் இட்லியைத் தேங்காய்ச் சட்னியோடு நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது. சர்க்கரையும் இறங்கியிருந்தது. செக்கப்புக்குத் தவறாமல் போய்வந்தாள்.

இப்போதெல்லாம் சாம்பார் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது ஹேமலதா கைப்பக்குவம் என்கிறாள் லீலா.