ஊர் சுற்றிய கதவு

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே அடித்தளத்துக்கு இறங்கினார் கட்டட ஆய்வாளர். புது அடுக்குமாடிதான், இன்னும் ஒருவரும் குடிவரவில்லை. அதற்குள் மூலைக்கு மூலை எச்சில், தேங்கிய தண்ணீர், கொசு. சட்டென்று ஒரு டிக் போட்டோமா, மேலே போய் டீ குடித்தோமா என்று இருக்க வேண்டும் அவருக்கு. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'எட்டிப்பார்'. எதையும் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி, உள்ளே கால் வைக்க மாட்டார்.

மின்சார வண்டிகள் சார்ஜ் ஏற்றும் கட்டடங்களுக்கு விதி தெளிவாகத்தான் இருந்தது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய பேட்டரி அலமாரிக்குத் தனி அறை வேண்டும். தீ தாங்கும் சுவர், தீ தாங்கும் இரும்புக் கதவு, சூட்டையும் புகையையும் வெளியே தள்ளும் விசிறி. அந்த அறையில் ஒரு பழைய நாற்காலியைக்கூடப் போடக் கூடாது. மனிதர்கள் தங்கவே கூடாது. இத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வாயால் ஒப்பிப்பதற்கு என்ன குறைச்சல்!

"கதவைப் பாருங்க சார், சும்மா கோட்டை மாதிரி! நெருப்பு நின்னு எரிஞ்சாலும் அசையாது," என்று பல்லை இளித்தான் சைட் இன்ஜினியர்.

ஆய்வாளர் சிவப்பு மார்க்கரின் மூடியைத் திறந்தார். பாஸ் செய்த சாமானில் கோணலாக ஒரு டிக் இழுப்பது அவர் வழக்கம். கை கதவருகே போனதும் அப்படியே நின்றுவிட்டது. அங்கே ஏற்கெனவே ஒரு சிவப்பு டிக் இருந்தது. அவருடைய அதே கோணல் டிக், மேலே பூசிய சாம்பல் பெயின்டையும் மீறித் தெரிந்தது.

கதவைத் தொட்டார், ஆடியது. கீல் கிடையாது. மரத்துண்டை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"ஏம்ப்பா, இது போன மாசம் அடுத்த தெருவுல நான் பாஸ் பண்ணின கதவுதானே?"

துளியாவது பதற வேண்டுமே அந்த ஆள்! "ஆமா சார். எங்க பில்டிங் எல்லாத்துக்கும் இந்த ஒரே கதவுதான். நீங்க வர்ற அன்னிக்குத் தூக்கிட்டு வந்து நிறுத்துவோம். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்! தெரிஞ்சுதான் தொட்டுக்கூடப் பாக்காம டிக் போடுறீங்கன்னு..."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. தன்னையும் இந்தத் திருட்டுக் கூட்டத்தில் ஒருத்தனாக எண்ணிக்கொண்டு இத்தனை நாள் சிரித்துப் பேசியிருக்கிறார்கள்!

"அப்போ அங்க இப்ப என்ன கதவு இருக்கு?"

"அங்க எதுக்கு சார் கதவு? அதான் எல்லாரும் குடி வந்தாச்சே!"

ஆய்வாளர் மார்க்கரை மூடக்கூடத் தோன்றாமல் அடுத்த தெருவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அங்கே அடித்தளத்தில் பளபளவென்று வண்டிகள் வரிசையாக நின்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. பேட்டரி அறை வாசலில் கதவுக்குப் பதில் ஒரு பழைய போர்வை தொங்கியது. விலக்கிப் பார்த்தார். உள்ளே காவலாளியின் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டவ். உறுமிக்கொண்டிருந்த பேட்டரி அலமாரியின் காற்றுத் துளைகளை அடைத்தபடி, குழந்தையின் ஈரத்துணிகள் வரிசையாகக் காய்ந்தன. விசிறி இருக்க வேண்டிய ஓட்டையில், கொசு வராமலிருக்கச் சாக்கைத் திணித்திருந்தார்கள். பால் வாடையும் பிளாஸ்டிக் கருகும் வாடையும் ஒன்றாக அடித்தன.

"துணியை எதுக்கும்மா இது மேல போட்டே?" என்று கத்தியேவிட்டார்.

"மழைக்குக் காயவே மாட்டேங்குது சார். இது மேல போட்டா சூட்டுல சட்டுனு காஞ்சிடுது," என்றாள் அவள். "எங்களுக்குக் கட்டின ரூம்ல செக்ரட்டரி சார் ஜிம் வெச்சுட்டாரு. அதான் எங்களை இங்க இருக்கச் சொன்னாங்க."

ஆய்வாளர் அலமாரியில் கையை வைத்தார். சுரீரென்றது. "வாம்மா வெளிய! புள்ளையைத் தூக்கிட்டு மொதல்ல வெளிய வா!" என்று இருவரையும் அடித்தள வாசலுக்கு அனுப்பிவிட்டு, மெயின் ஸ்விட்சை இறக்கினார்.

அவ்வளவுதான், மாடியிலிருந்து படை திரண்டு வந்துவிட்டது. "யாரைக் கேட்டு ஆஃப் பண்ணீங்க? பாஸ் பண்ணினதே நீங்கதானே?" என்று பாய்ந்தார் குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி.

"அவங்களை வேற எங்கயாவது படுக்கச் சொல்லிட்டு லைனைப் போடுங்க சார். சாயங்காலம் நான் வெளிய போகணும்," என்றாள் ஒரு பெண்மணி. குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சீ, என்ன ஜன்மங்கள்!

காவலாளியின் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்கும் பயமாத்தான் சார் இருந்துச்சு. பச்சைப் புள்ளையை வெச்சுக்கிட்டு இங்க படுக்கலாமான்னு கேட்டேன். பெரிய ஆபீசர் வந்து பாத்து, சரின்னு டிக் போட்டுட்டுப் போயிருக்காரு, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. உங்களை நம்பித்தான் சார் தூங்கினோம்."

 தேங்கிய தண்ணீருக்கு மூக்கைப் பொத்தத் தெரிந்த மனிதருக்கு, தன் டிக்கின் நாற்றம் இத்தனை காலம் தெரியவே இல்லை.

"ஆமாங்க, பாஸ் பண்ணினது நான்தான்," என்றார் செக்ரட்டரியிடம். "உள்ள போய்ப் பாக்கவே இல்ல. அதையும் இன்னிக்கே எழுதிக் குடுக்கிறேன், என்மேல என்ன நடவடிக்கை வேணா எடுக்கட்டும். இங்க கதவு மாட்டி, விசிறி போடுற வரைக்கும் ஒரு வண்டியும் சார்ஜ் ஏறாது."

"அதுவரைக்கும் நாங்க என்ன நடந்தா போறது?"

"நடங்க! கால் இருக்குல்ல? இந்த விதியெல்லாம் எவனோ பொழுது போகாம எழுதினதுன்னு நெனச்சீங்களா? இந்தப் புள்ளை உயிரோட கண்ணு முழிக்கணும்னு எழுதினதுங்க. பாக்காம சரின்னு போட்ட நானும், தெரிஞ்சே இவங்களை இங்க படுக்க வெச்ச நீங்களும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் கையில கொள்ளியை வெச்சுக்கிட்டு நிக்கிறோம்."

சொல்லிவிட்டுச் செக்ரட்டரியின் முன்னால் கையை நீட்டினார்.

"ஜிம் சாவியைக் குடுங்க. அது இவங்க வீடு."