வெர்லின் குதிக்க வேண்டிய ஏரி

காப்பிப் பானையை எடுக்கத்தான் ஹால்வர் காரின் பின்கதவைத் திறந்தார். பானைக்கு அடியில் நீலக் கோடு போட்ட அந்தத் துண்டு, ஆகஸ்டில் வைத்த மடிப்பு கலையாமல் கிடந்தது. பானையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி வெர்லினைக் காலையில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். "சர்ச்சுல வேணாம், எல்லாருக்கும் ஏரிப் பூங்காவுல சாப்பாடு போடுங்க" என்று அவனே சொல்லிவிட்டுப் போயிருந்தான். பூங்காவின் கல் மண்டபத்து நீள மேசைகளில் பன்றியிறைச்சி வைத்த பன்களையும் உருளைக்கிழங்கு சாலடையும் பரப்பியிருந்தார்கள்.

அவர்களுடைய நூட்சன் குடும்பம் கோடைதோறும் இங்கே வந்து கூடாரம் அடிக்கும். கடைசி நாள் மாலை அண்ணனும் தம்பியும் தரையில் நட்ட முளையில் விழும்படி குதிரை லாடம் எறிந்து விளையாடுவார்கள். தோற்றவன் உடுத்திய உடையோடு, ஏரிக்குள் நீளும் மரத்துறையின் நுனியிலிருந்து தண்ணீரில் குதிக்க வேண்டும். ஜெயித்தவன் துண்டோடு கரையில் காத்திருக்க வேண்டும். அப்பா காலத்து வழக்கம். மழை பெய்தாலும் குதிக்காமல் ஊர் திரும்பிய நூட்சன் கிடையாது. வெர்லின் குதித்தால் பக்கத்துக் கூடாரங்களெல்லாம் கைதட்டும். முதலில் அவன் தொப்பி மிதந்து வரும். அதன் பின்னால் சிரிப்போடு அவன் தலை வரும்.

போன ஆகஸ்டிலும் தோற்றது அவன்தான். துறைவரை நடந்தவன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். "அடுத்த வருஷம் ரெண்டு தடவை குதிக்கிறேன், அண்ணே. மறந்துராத."

ஹால்வர் பானையோடு மண்டபத்துக்கு வந்தார். கோடையில் பக்கத்தில் கூடாரம் போடும் ஆர்வில் என்பவர் பன்னை மென்றபடி சொன்னார்: "கில்லாடிய்யா வெர்லின்! குதிக்காம தப்பிக்க என்ன வழி கண்டுபிடிச்சான் பாரு!"

மேசையே சிரித்தது. வெர்லின் இருந்திருந்தால் அவன் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டிருக்கும்.

"எங்க குடும்பத்துல எவனும் தப்பிச்சு ஓடினதில்லை," என்றார் ஹால்வர்.

"அட, சும்மா சொன்னேன்யா."

"தெரியும்."

கோட்டைக் கழற்றி பெஞ்சில் மடித்து வைத்தார். காருக்குப் போய்த் துண்டை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கினார். வெர்லினின் மகள் ஜோலீன் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"பெரியப்பா, இது அக்டோபர்! தண்ணி ஐஸா இருக்கும். உங்க வயசென்ன?"

"உங்கப்பனைவிட நாலு கூட. இந்தா, துண்டைப் பிடி."

"அப்பா தோத்ததுக்கு நீங்க ஏன் குதிக்கணும்?"

"தோத்தது ஒரு நூட்சன். குதிக்கப்போறதும் ஒரு நூட்சன். கரையில நில்லு."

பலகைகள் அவர் நடைக்குக் கிறீச்சிட்டன. மண்டபத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நுனியில் ஒரு கணம் நின்றவர், யாரோ பிடித்துத் தள்ளியது போலக் குதித்தார்.

நெஞ்சளவுத் தண்ணீர்தான். இருமிக்கொண்டு எழுந்து, கரைவரை நடந்து வந்தார். நரைத்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது; பற்கள் கிட்டித்தன. யாரும் கைதட்டவில்லை. ஆர்வில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜோலீன் துண்டை விரித்து நீட்டினாள். "வாங்க பெரியப்பா. முடிஞ்சுது, வாங்க."

ஹால்வர் அதை வாங்கவில்லை. தண்ணீர் சொட்டும் டையை நேராக்கிக்கொண்டார். திரும்பி, மறுபடியும் துறையின் நுனியை நோக்கி நடந்தார்.