சுவரில்லாமல் நின்ற தண்ணீர்

பழைய தொட்டியின் நாலு சுவரையும் இடித்து முடித்த பிறகும் தண்ணீர் கொட்டவில்லை. பன்னிரண்டடி உயரத்தில், தொட்டி இருந்த அதே அளவில், பழுப்பாக நின்றது. நடந்தது 2023 ஆவணியில், பாகூர்ப் பக்கம், நகரத்துச் சாக்கடையைச் சுத்திகரிக்கும் நிலையத்தில். முதல் நாள் கூட்டம் கூடியது. மூன்றாம் நாள் அவரவர் நடவுக்குப் போய்விட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்றத்தோடு சோறு தின்ற ஊர், இதற்கா அசரும்?

ஆனால் அந்தத் தண்ணீரில் இருந்த சேறு புதுத் தொட்டிக்குப் போயாக வேண்டும். அழுக்கைத் தின்னும் உயிரெல்லாம் அதில்தான் இருக்கிறது. மோட்டார் வைத்து இழுத்தார்கள். ஓஸில் காற்றுதான் வந்தது. நகரத்துக் கக்கூஸ்கள் எதுக்களிக்கத் தொடங்கியதும், புது மிஷினுக்கு ஆள் வேண்டாம் என்று போன வாரம் நிறுத்திய இன்னாசிமுத்துவைத் தேடினார்கள். அவர் நிலையம் திறந்த நாளிலிருந்து ஒப்பந்தக் கூலி. ஐம்பத்தாறு வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? முதல் வருஷம் ஆபீஸ் கொடுத்த பொடியில் சேறு உயிர்பிடிக்காமல் போக, சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றி வளர்த்தவர் அவர். தினமும் காலையில் தொட்டியைத் தட்டி, "சாப்டுங்கடா" என்பார். லூசு என்று சிரித்தார்கள்.

வந்தார். தண்ணீரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"மேடம், எனக்கு வேல உண்டா இல்லியா, அத்த மொதல்ல சொல்லுங்க."

உண்டு என்றார் இஞ்சினியர் ஜோதிலட்சுமி. பெர்மனென்ட்? ஃபைல் போட்டிருக்கிறதாம். அந்தப் பதிலுக்கும் இருபத்திரண்டு வயது. இன்னாசிமுத்து பெருமூச்சு விட்டு, "வாங்கடா" என்று முன்னால் நடந்தார். தண்ணீர் மொத்தமும் பின்னாலேயே போய்ப் புதுத் தொட்டியில் இறங்கியது.

அதன்பிறகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. காலையில் அவர் வந்து தட்டினால்தான் ஓடும், அவ்வளவுதான். ஃபைல் வரவில்லை. போன கார்த்திகையில் இரண்டு நாள் காய்ச்சலாகப் படுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சையாகவே காட்டியதால் ஆபீஸிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் வாசல் தெளிக்கப் போன மனைவி விஜயராணி வாளியோடு திரும்பி வந்தாள்.

"உன்னியத் தேடிக்கினு வந்து நிக்குதுய்யா."

இன்னாசிமுத்து எழுந்து உட்கார்ந்தார். "இன்னாடி, ஆபீஸ்ல இருந்தா?"

"ஆபீஸா? நீ வேற. தண்ணிய்யா."

தெருவை அடைத்துக்கொண்டு, பன்னிரண்டடி உயரத்தில், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் நின்றது. இத்தனை வருஷத்தில் அவரை விசாரித்து வீடுவரை வந்தது அது ஒன்றுதான். அவர் போர்வையை மடித்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். விஜயராணி, அது திரும்பிப் போக வசதியாக, பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.